இரண்டாவது வீடும் நாட்காட்டியும்

அமெரிக்காவில் வாடகை வருமானத்தைக் காட்டுவதற்கான வரிப் படிவத்தில், வாடகையாக எவ்வளவு வந்தது என்று கேட்பதற்கு முன்பே இரண்டு கட்டங்கள் வந்துவிடுகின்றன. நியாயமான வாடகைக்கு வீடு விடப்பட்ட நாட்கள் எத்தனை என்பது ஒன்று, உரிமையாளர் தம் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்ட நாட்கள் எத்தனை என்பது இன்னொன்று. விடுமுறை வீடுகளுக்கும் இரண்டாவது வீடுகளுக்கும் போடப்படும் வரிகளைப் பற்றி நாடு நாடாகப் படித்துக்கொண்டு போனபோது, சட்டங்கள் எவ்வளவு வேறுபட்டாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. வீட்டின் விலை, இடம், பரப்பளவு எல்லாம் இரண்டாம் பட்சம். அந்த வீட்டில் யார், எந்த நாளில், என்ன விலைக்குத் தூங்கினார்கள் என்பதில்தான் வரியின் தலையெழுத்து இருக்கிறது.

இதற்குக் காரணம் எளிமையானது. குடியிருக்கும் வீட்டை அநேகமாக எல்லா அரசுகளும் வரியில் இருந்து ஓரளவு காப்பாற்றுகின்றன. அதில் கை வைத்தால் தேர்தலில் தெரிந்துவிடும். விடுதி ஒரு தொழில், அதன் வருமானத்துக்கும் செலவுக்கும் தொழில் கணக்கு உண்டு. கோடையில் சொந்தக்காரர் மூன்று வாரம் தங்கி, மற்ற மாதங்களில் முன்பின் தெரியாதவர்களுக்கு விட்டு, மழைக்காலம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடு இந்த இரண்டில் எது? கல்லும் மரமும் இதற்குப் பதில் சொல்லாது. ஆகவே சட்டம் நாட்காட்டியிடம் போய் நிற்கிறது.

அமெரிக்கச் சட்டத்தின் எல்லைக்கோடு 1976-இல் வரையப்பட்டது. உரிமையாளரின் சொந்த உபயோகம் ஆண்டுக்கு 14 நாட்களை, அல்லது வாடகைக்கு விட்ட நாட்களில் பத்தில் ஒரு பங்கை, இவற்றுள் எது அதிகமோ அதைத் தாண்டினால், அது வசிப்பிடம் ஆகிவிடும். வசிப்பிடம் ஆகிவிட்டால், வாடகைக்கு ஈடாகச் செலவுகளைக் கழிக்கலாம், ஆனால் வாடகையை மிஞ்சிய நஷ்டத்தைச் சம்பளம் போன்ற வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கத்தான் முடியும். கோட்டின் இதே பக்கத்தில் ஒரு விந்தையான சலுகையும் இருக்கிறது. வசிக்கும் வீட்டை ஆண்டில் 15 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால், அந்த வாடகையை வருமானமாகக் காட்டவே வேண்டாம். ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் நடக்கும் கோல்ஃப் போட்டிக்காக அங்குள்ளவர்கள் தங்கள் வீடுகளை ஒரு வாரம் பெருந்தொகைக்கு விடுவது வழக்கம் என்பதால், இந்தச் சலுகைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. பதினான்கு நாள் வரை வாடகை முழுவதும் வரியின்றிக் கைக்கு வரும். பதினைந்தாம் நாளில் முதல் நாள் வாடகையும் சேர்ந்து கணக்குக்குள் வந்துவிடும். இப்படி ஒரே நாளில் செங்குத்தாக இறங்கும் பள்ளங்களை இந்த வரிகளில் அடிக்கடி பார்க்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கே கடலோரத்தில் ஒரு வீடு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வரிக் காலத்தில் தம் நாட்காட்டியை எனக்குக் காட்டினார். விருந்தினர் தங்கிய நாட்கள் நீலம், குடும்பத்தோடு தங்கிய நாட்கள் சிவப்பு, வீட்டுக்கு வண்ணம் அடிக்கவும் குழாய் மாற்றவும் போன நாட்கள் பச்சை. நீலம் 100 நாள், சிவப்பு 9 நாள் என்பதால் எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறோம் என்ற நிம்மதியில் இருந்தார். பச்சை நாட்கள் விஷயத்தில் அவர் நினைத்தது சரிதான். ஒருவர் அன்றைய வேலை நேரம் முழுவதையும் பழுதுபார்ப்பதில் செலவிட்டால், கூட வந்த குடும்பத்தார் கடலில் குளித்துக்கொண்டிருந்தாலும் அது சொந்த உபயோக நாள் ஆகாது. சிக்கல் நீலத்துக்குள் ஒளிந்திருந்தது. அந்த நூறில் ஏழு நாள் தங்கியவர் அவருடைய தம்பி. மற்றவர்களைப் போலவே முழு வாடகையும் கொடுத்துத்தான் தங்கினார். ஆனால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் தங்கும் நாட்கள், அந்த வீடு அவர்களுடைய நிரந்தர வசிப்பிடமாக இருந்தாலொழிய, அவர்கள் சந்தை வாடகையே கொடுத்தாலும் உரிமையாளர் தங்கிய நாட்களாகத்தான் எண்ணப்படும். ஒன்பதும் ஏழும் பதினாறு. நண்பர் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது, "காசு குடுத்துட்டுத்தானேண்ணா தங்கினேன்?" என்று தம்பி கேட்டாராம். நியாயமான கேள்விதான். அவர் கொடுத்த பணம் வாடகை, அவர் தங்கிய நாள் மட்டும் அண்ணனுடைய நாள்.

இதே விதியின் கீழ், சந்தை வாடகைக்குக் குறைவாக யாருக்கு விட்டாலும் அது சொந்த உபயோகம். இன்னொருவருடைய விடுமுறை வீட்டில் நாம் தங்குவதற்கு ஈடாக அவரை நம் வீட்டில் தங்கவிட்டாலும் அப்படித்தான். ஒரு தொண்டு நிறுவனத்தின் நிதி திரட்டும் ஏலத்துக்கு ஒரு வாரத் தங்கலை நன்கொடையாகக் கொடுத்தால், ஏலம் எடுத்தவர் முழுத் தொகை செலுத்தியிருந்தாலும் அந்த வாரமும் உரிமையாளருடைய கணக்கில்தான் ஏறும். ஏமாற்று வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்த சட்டம் என்பது புரிகிறது. ஆனால் அப்படி அடைத்ததில், ஏமாற்ற நினைக்காத தம்பியும் மாட்டிக்கொள்கிறார்.

நாட்களை எண்ணிவிட்டால் வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. எண்ணிய நாட்களை எதனால் வகுப்பது என்பதில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் விடுமுறை வீடு வைத்திருந்த ஒரு தம்பதி, 1976-ஆம் ஆண்டுக் கணக்கில் 91 நாள் வாடகைக்கு விட்டதாகவும், 30 நாள் தாங்கள் தங்கியதாகவும், மீதி 244 நாள் வீடு காலியாக இருந்ததாகவும் காட்டினார்கள். வாடகை வரவு 2,700 டாலர். கடன் வட்டியும் சொத்து வரியும் சேர்ந்து 3,475 டாலர், பராமரிப்புச் செலவு 2,693 டாலர். வாடகையில் இருந்து முதலில் வட்டியிலும் சொத்து வரியிலும் வாடகைக்கு உரிய பங்கைக் கழிக்க வேண்டும், மிச்சம் இருக்கும் அளவுக்குத்தான் பராமரிப்பைக் கழிக்கலாம் என்பது விதி. வரித் துறை 91-ஐ, வீடு உண்மையில் உபயோகத்தில் இருந்த 121 நாட்களால் வகுத்தது. முக்கால் பங்கு வட்டி வாடகையின் மேல் ஏறியதில், பராமரிப்புக்கு நூறு டாலருக்கும் குறைவாகவே இடம் மிஞ்சியது. தம்பதியோ 91-ஐ 365-ஆல் வகுத்தார்கள். வட்டியும் சொத்து வரியும் வீடு காலியாகக் கிடக்கும் நாளிலும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். அந்த வழியில் கால் பங்கு மட்டுமே வாடகையின் மேல் ஏற, பராமரிப்புக்கு ஏறத்தாழ 1,830 டாலர் வரை இடம் கிடைத்தது. வட்டியின் மீதிப் பங்கை அவர்கள் சொந்தக் கணக்கில் எப்படியும் கழித்துக்கொள்ள முடியும் என்பதால் இந்த வேறுபாடு முழுவதும் அவர்களுக்கு லாபம். 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. வரித் துறை தன் வழிகாட்டி நூலில் இன்றும் தன் பழைய வகுத்தலையே அச்சிட்டு வருகிறது என்பதுதான் வேடிக்கை.

இந்த வழக்கை நான் விரும்பிப் படித்ததற்குக் காரணம், காலியாகக் கிடந்த அந்த 244 நாட்கள் யாருடையவை என்ற கேள்விக்கு அது கொண்டுபோய் விடுவதுதான். தங்கியவர் இருக்கும் நாளுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. பூட்டிய நாளை உரிமையாளர் அனுபவித்ததாகக் கொள்வதா, வாடகைக்குக் காத்திருந்ததாகக் கொள்வதா?

ஸ்பெயின் இதற்கு நேரடியான பதில் வைத்திருக்கிறது. இரண்டாவது வீட்டை வாடகைக்கு விட்ட நாட்களுக்கு வந்த வாடகை வருமானம். விடாமல் தம் வசம் வைத்திருந்த நாட்களுக்கு, அரசுப் பதிவேட்டில் உள்ள சொத்து மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதம் வருமானமாக வந்தது போலக் கருதி, நாள் விகிதப்படி வரி கட்ட வேண்டும். தங்கினாலும் ஒன்றுதான், பூட்டி வைத்தாலும் ஒன்றுதான். சுவிட்சர்லாந்தில் இந்தக் கருத்து இன்னும் ஆழமாக வேரூன்றியிருந்தது. அங்கே குடியிருக்கும் முதல் வீட்டுக்கும் கூட, அதை வாடகைக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ அதை வருமானத்தில் சேர்த்து வரி வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 28 அன்று நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 57.7 சதவீதத்தினர் அதை ஒழிக்க ஒப்புதல் தந்தார்கள். ஆனால் வாக்குச் சீட்டில் நேரடியாகக் கேட்கப்பட்டது வேறு கேள்வி: இரண்டாவது வீடுகள் மீது தனிச் சொத்து வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் தரலாமா? மலைப்பகுதி மாநிலங்களின் வருமானம் குறைந்துவிடும் என்பதால், இல்லாத வாடகைக்கான வரியை எடுக்கும் சட்டத்தை இரண்டாவது வீட்டு வரியோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். இதே நாடு 2012-இல் 50.6 சதவீத வாக்குகளில், எந்த ஊராட்சியிலும் இரண்டாவது வீடுகள் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று முடிவெடுத்ததும், அதை வலே போன்ற மலை மாநிலங்கள் கடுமையாக எதிர்த்து வாக்களித்ததும் நினைவில் வைக்க வேண்டியவை.

இந்தியாவிலும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. சொந்தமாகக் குடியிருக்கும் ஒரு வீட்டின் ஆண்டு மதிப்பு பூஜ்யம் என்று கொள்ளப்படும். இரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தாலும் வாடகைக்கு விட்டதாகவே கருதி வரி போடப்படும். 2019-20 நிதியாண்டில் இருந்து இரண்டு வீடுகள் வரை பூஜ்யம் என்று தளர்த்தினார்கள், 2025 பட்ஜெட் அதற்கிருந்த நிபந்தனைகளையும் எடுத்துவிட்டது. வராத வாடகைக்கு வரி என்றால் கேட்பவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆயினும் ஒரு வாதத்துக்காகச் சொல்கிறேன்: ஒரே விலையில் ஒருவர் இரண்டாவது வீடும், இன்னொருவர் வங்கி வைப்பும் வைத்திருந்தால், வட்டிக்கு வரி கட்டுகிறவர் முன்னால் வீட்டுக்காரர் ஒன்றும் கட்டாமல் விடுமுறையை அனுபவிக்கிறார். அந்த அனுபவத்துக்கு ஒரு பண மதிப்பு உண்டு என்பதை மறுப்பது கடினம். வரியியல் அறிஞர்களுக்கு இது பிடித்திருப்பதும், வாக்காளர்களுக்கு இது பிடிக்காமல் போவதும் ஒரே காரணத்தால்தான், அந்த வருமானம் கையில் தட்டுப்படுவதில்லை.

இனி அந்தச் செங்குத்துப் பள்ளங்கள். இதற்கு வேல்ஸை விடச் சிறந்த பாடம் கிடைக்காது. அங்கே உள்ளூர் மன்றங்கள் வீடுகளுக்கு வசூலிக்கும் வரியை இரண்டாவது வீடுகளுக்கு 2017-இல் இருந்து இரு மடங்கு வரையிலும், 2023 ஏப்ரலில் இருந்து நான்கு மடங்கு வரையிலும் உயர்த்திக்கொள்ளலாம். வடமேற்கில் வெல்ஷ் மொழி வழங்கும் குவினெத் பகுதியின் மன்றம் 2023-இல் 150 சதவீதக் கூடுதல் போட்டது, அதாவது இரண்டரை மடங்கு. விடுமுறை வாடகைத் தொழிலாக நடக்கும் வீடு என்றால் இந்த வரி கிடையாது, அதற்குப் பதில் தொழில் சொத்துக்கான வரி. அதிலும் மதிப்பு குறைவான இடமாக இருந்தால் சிறுதொழில் சலுகையில் ஒன்றுமே கட்ட வேண்டியிராது. முன்பு ஆண்டில் 70 நாள் வாடகைக்குப் போனாலே தொழில் என்று ஏற்றுக்கொண்டார்கள். கோடை இரண்டரை மாதத்தில் அந்த எண்ணிக்கையை எட்டிவிடலாம் என்பதால், பல இரண்டாவது வீடுகள் பெயரளவில் தொழிலாக மாறி, ஊருக்கு எந்த வரியும் கொடுக்காமல் இருந்தன. 2023 ஏப்ரலில் அதை 182 நாளாக உயர்த்தினார்கள். இங்கிலாந்தில் அதே நேரத்தில் வந்த விதி 70 நாளோடு நின்றது.

அதே காலத்தில், பிரிட்டன் முழுவதற்கும் பொதுவான வருமான வரிச் சட்டத்தில் வசதிகளோடு கூடிய விடுமுறை வாடகை வீடு என்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. 210 நாள் விடத் தயாராக வைத்து, 105 நாள் உண்மையில் விட்டால், தொழிலுக்குரிய பல சலுகைகள் கிடைக்கும். அந்தப் பிரிவை 2025 ஏப்ரலில் ஒழித்துவிட்டார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில், ஆண்டுக்கு 120 நாள் விட்ட ஒரு வெல்ஷ் வீட்டுக்காரர், லண்டனில் உள்ள வரித் துறையின் கண்ணில் தொழில் நடத்துகிறவர், உள்ளூர் மன்றத்தின் கண்ணில் இரண்டாவது வீட்டில் சும்மா இருக்கிறவர். வீடும் அதே, நாட்களும் அதே.

இதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. நாட்களை எண்ணுவதைத் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிய பிறகு ஒரே ஒரு எண்ணில் கோடு கிழித்து, 181 நாள் விட்டவரிடம் இரண்டரை மடங்கு வாங்கி, 182 நாள் விட்டவரிடம் ஒன்றும் வாங்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அப்படிக் கோடு கிழித்தால், பருவம் முடியும் நேரத்தில் குறையும் ஒரு வாரத்தை நிரப்ப வாடகையைப் பாதியாகக் குறைத்தாவது யாரையாவது தங்கவைக்கத் தோன்றும். உள்ளூர் இளைஞனுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று கொண்டுவந்த வரி, அந்த வீட்டை மேலும் தீவிரமான விடுமுறை விடுதியாக மாற்றிவிடும். ஸ்பெயினின் நாள் விகிதக் கணக்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு நாள் கூடுதலாக விட்டால் ஒரு நாளின் கணக்கு மட்டும் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு மாறும். இந்தக் கணக்கைப் போடப் பள்ளிக்கூட வகுத்தலே போதும். அதைச் செய்ய மன்றங்கள் ஏன் தயங்குகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை, பள்ளத்தின் அச்சம்தான் அவர்களுக்கு வேண்டியதோ என்னவோ.

அமெரிக்காவில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அது வசதி படைத்தவர்களிடையே மிகவும் பிரபலம். விருந்தினர் ஒருவர் தங்கும் சராசரிக் காலம் ஏழு நாள் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், வரி விதிகளின்படி அது வாடகைத் தொழிலே ஆகாது. வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவிடாத 1986-ஆம் ஆண்டுத் தடைக்கு அது தானாகவே உட்படாது. உரிமையாளர் அந்த வேலையில் உண்மையாக ஈடுபட்டார் என்று காட்டினால் போதும். அதற்குரிய வழிகளில் ஒன்று, ஆண்டுக்கு 100 மணி நேரத்துக்கு மேல், வேறு எந்தத் தனிநபரும் உழைத்ததைவிடக் குறையாமல் உழைப்பது. அந்த வேறு தனிநபர் பெரும்பாலும் வீட்டைத் துப்புரவு செய்ய வரும் பெண்மணிதான். உயர் சம்பளம் வாங்கும் மருத்துவர் ஒருவர், தாம் விருந்தினரின் குறுஞ்செய்திகளுக்குப் பதில் எழுதிய நிமிடங்களை எல்லாம் குறித்துக்கூட்டி, படுக்கை விரிப்பு மாற்றியவரின் மணிக்கணக்கைத் தாண்டினோமா என்று பார்ப்பதை வரிச் சட்டம் ஊக்குவிக்கிறது. தாண்டிவிட்டால், வீட்டின் அறைகலன்களுக்கும் பிற பாகங்களுக்கும் முதல் ஆண்டிலேயே பெருந்தேய்மானம் காட்டி, மருத்துவமனைச் சம்பளத்தின் மேல் வரும் வரியைக் குறைத்துக்கொள்ளலாம். குடியிருப்போர் ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட்டுத் தங்கும் வீட்டுக்கு இந்த வழி இல்லை. வீட்டுப் பற்றாக்குறை பற்றி எல்லா அரசியல்வாதிகளும் பேசும் ஒரு நாட்டில், நீண்ட கால வாடகைக்கு விடுபவரைவிட வாராந்திர வாடகைக்கு விடுபவருக்குச் சட்டம் அகலமான கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

வாடகையை விட்டுவிட்டு, குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் விலக்கு, மற்ற எல்லாவற்றுக்கும் வரி என்று எளிமையாக்கிவிடலாமே என்று தோன்றும். பிரான்ஸ் அந்தப் பாதையில்தான் போனது. அங்கே வசிப்போர் மீதான வீட்டு வரி முதன்மை வசிப்பிடங்களுக்குப் படிப்படியாகக் குறைந்து 2023-இல் முழுவதும் நீங்கியது, இரண்டாவது வீடுகளுக்கு மட்டும் தொடர்கிறது. வீட்டு நெருக்கடி உள்ள ஊர்கள் அதன் மேல் 5 முதல் 60 சதவீதம் வரை கூடுதல் போடலாம், பாரிஸ் உச்சமான 60-ஐ எடுத்துக்கொண்டது. இத்தாலியிலும் நகராட்சிச் சொத்து வரியில் முதன்மை வசிப்பிடத்துக்கு, ஆடம்பர வகை வீடுகள் நீங்கலாக, விலக்கு உண்டு. ஆனால் எது முதன்மை வசிப்பிடம்? கணவர் ஒரு வீட்டிலும் மனைவி வேறு வீட்டிலும் பதிவு செய்துகொண்டால் விலக்கு ஒன்றா, இரண்டா? நீண்ட காலம் ஒன்றுதான் என்று சொல்லிவந்தார்கள். 2022 அக்டோபரில் இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம், உண்மையாகவே தனித்தனியே வசித்தால் திருமணமானவர்கள் என்பதற்காக ஒரு விலக்கை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. உண்மையாகவே என்ற அந்த ஒரு சொல்லை நிரூபிக்கும் பொறுப்பு நகராட்சிகளின் தலையில் விழுந்தது. அவை மின்சார, தண்ணீர் உபயோகத்தைப் பார்க்கின்றன. கடைசியில் மறுபடியும் நாட்களிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறோம்.

முதன்மை வசிப்பிடம் எது என்று சொல்லும் உரிமையை உரிமையாளரிடமே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009-இல் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உதாரணம் காட்டினார்கள். செலவுப் படி வாங்க ஒரு வீட்டை இரண்டாவது வீடு என்றும், விற்கும்போது ஆதாய வரியைத் தவிர்க்க அதையே முதன்மை வீடு என்றும் சிலர் மாற்றி மாற்றிக் குறித்துக்கொண்டது செய்தித்தாள்களில் வெளிவந்து பெரும் கொந்தளிப்பு ஆனது. சட்டம் இயற்றியவர்களுக்கு அதன் ஓட்டைகள் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது வீட்டுக்காரர்கள் மீது வரி போடுவது அரசியலில் சுலபம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான இடங்களில் அவர்களுக்கு அந்த ஊரில் வாக்கு கிடையாது. பள்ளிக்கூடத்தையும் அவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை, குப்பையும் குறைவு. ஆனால் கோடையின் உச்சத்தில் குடிநீர்க் குழாயும் சாலையும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதில் தவறில்லை என்பது என் எண்ணம். எவ்வளவு கூடுதல் என்பதைத் தங்களைத் தேர்ந்தெடுக்காதவர்களைப் பற்றி முடிவு செய்கிறவர்களிடம் முழுவதுமாக விட்டுவிடாமல், மேலே ஓர் உச்ச வரம்பு இருப்பது நல்லது. வேல்ஸிலும் பிரான்ஸிலும் அது இருக்கிறது.

வாங்கும்போது வசூலிக்கும் வரிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை ஒரே முறை விழும் அடி. சிங்கப்பூரில் 2023 ஏப்ரலில் இருந்து குடிமக்கள் இரண்டாவது வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வை 20 சதவீதம், வெளிநாட்டவர் எந்த வீடு வாங்கினாலும் 60 சதவீதம். இங்கிலாந்தில் 2016-இல் 3 சதவீதமாகத் தொடங்கிய கூடுதல், 2024 அக்டோபர் 31 முதல் 5 சதவீதம். இவற்றில் நாட்களை எண்ணும் வேலை இல்லாததால் அரசுக்கு வசூலிப்பது சுலபம், ஆனால் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டவரைத் தொடுவதே இல்லை.

இதுவரை சொன்ன அத்தனை விதிகளிலும் ஒரு பெரிய பலவீனம் இருந்தது. எண்ணிக்கையைச் சொல்கிறவர் உரிமையாளர். நீல நாட்களைக் குறைத்துச் சொல்வதும், சிவப்பு நாட்களை மறைப்பதும் அவர் கையில். இணையத் தளங்கள் வழியாக முன்பதிவு நடக்கத் தொடங்கியதும் இந்த நிலை மாறியது. முதலில் விருந்தினரிடம் வாங்கும் தங்கும் வரியில் இது தெரிந்தது. அந்த வரி புதியதல்ல, பிரான்ஸில் நீரூற்று நகரங்களுக்காக 1910-இலேயே சட்டமானது. ஆனால் தனி வீடுகளில் தங்கியவர்களிடம் அதை வசூலிப்பது ஏட்டளவிலேயே இருந்தது. 2014 ஜூலையில் ஏர்பிஎன்பி என்ற முன்பதிவுத் தளம், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் விருந்தினரின் பில்லிலேயே அந்த வரியைச் சேர்த்து நகரத்துக்குச் செலுத்தத் தொடங்கியது. இத்தாலியில், குறுகிய கால வாடகையில் இருந்து 21 சதவீதத்தைத் தளமே பிடித்துக்கட்ட வேண்டும் என்ற 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நீண்ட வழக்கு நடந்து, 2023 டிசம்பரில் அதே நிறுவனம் 57.6 கோடி யூரோ கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டில் இருந்து இத்தாலி, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளைக் குறுகிய கால வாடகைக்கு விடுபவருக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் 21 சதவீதமும் மற்றவற்றுக்கு 26 சதவீதமும் என்று மாற்றியது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-ஆம் ஆண்டு வருமானத்தில் இருந்து, தளங்கள் ஒவ்வொரு உரிமையாளரின் வரவையும் வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்திருந்தால், ஒவ்வொரு வீடும் எத்தனை நாள் வாடகைக்குப் போனது என்பதையும் அதில் எழுத வேண்டும். 2030 ஜனவரிக்குள், முப்பது இரவு வரையிலான தங்கலுக்கு உரிமையாளர் மதிப்புக்கூட்டு வரி வசூலிக்காவிட்டால், தளமே அந்தச் சேவையை வழங்கியதாகக் கருதி அதனிடம் வரி வாங்கும் ஏற்பாடு கட்டாயமாகிறது. இந்தியாவின் சரக்கு மற்றும் சேவை வரியில், பதிவு செய்யாத சிறு விருந்தோம்பிகள் தளம் வழியாக அறை விடும்போது வரியைத் தளமே செலுத்த வேண்டும் என்ற இதே ஏற்பாடு முன்பே இருக்கிறது. கனடா இன்னொரு கோணத்தில் பிடித்தது: 2024 ஜனவரி 1 முதல், உள்ளூர் விதிகளுக்கு உட்படாமல் குறுகிய கால வாடகைக்கு விடும் வீட்டின் செலவுகளைக் கழிக்க முடியாது. வாடகை முழுவதும் வருமானம், கடன் வட்டியும் துப்புரவுக் கூலியும் கணக்கில் இல்லை. அபராதம் என்ற பெயர் இல்லாத கனமான அபராதம் இது, நகராட்சியின் விதியை மத்திய வருமான வரியின் பல்லால் கடிக்க வைத்திருக்கிறார்கள்.

நீல நாட்கள் இப்போது அநேகமாக அரசின் கையில் இருக்கின்றன. தளத்துக்குத் தெரியாதவை மற்ற நாட்கள்: உரிமையாளரே தங்கியவை, தம்பியைத் தங்க வைத்தவை, பூட்டிக் கிடந்தவை. பிரான்ஸ் இந்த இடைவெளியை நிரப்ப 2023-இல் நாட்டின் எல்லா வீட்டு உரிமையாளர்களையும், ஒவ்வொரு வீட்டிலும் யார் எந்த முறையில் வசிக்கிறார்கள் என்று இணையத்தில் அறிவிக்கச் சொன்னது. தவறினால் வீட்டுக்கு 150 யூரோ அபராதம் என்றும் சொன்னது. முதல் ஆண்டிலேயே, வரி கட்ட வேண்டியிராத பலருக்கு இரண்டாவது வீட்டு வரிக்கான கேட்பு போய்ச் சேர்ந்து, அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. வரித் துறை அறிவிப்பைக் கைவிடவில்லை. வசிப்பவர் மாறினால் உரிமையாளர் மறுபடியும் உள்ளே போய்த் திருத்த வேண்டும்.